களம் என்னும் கூறு: நடுநாட்டுப் புனைகதைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கதைப்பின்னல், பாத்திரம், நோக்குநிலை, மொழிநடை, களம் ஆகியவை புனைகதையின் அடிப்படைக் கூறுகளாகப் பாடநூல்களில் நிரல்படுத்தப்படுகின்றன. இந்நிரலில் களம் பெரும்பாலும் இறுதியில் வைக்கப்பட்டுப் ‘பின்புலம்’ என்ற ஒரு சொல்லோடு முடிக்கப்படுகிறது. விருத்தாசலம், நெய்வேலி, சேத்தியாத்தோப்பு வட்டாரம் சார்ந்த புனைகதைகளில் ஏனைய கூறுகளை இயக்குவது களமே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இமையம், கண்மணி குணசேகரன் ஆகியோரின் படைப்புகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. தொல்காப்பியத்தின் முதற்பொருள் பற்றிய சிந்தனை தேவையான இடங்களில் மட்டும் துணைக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புனைகதைக் கூறுகள், களம், நடுநாடு, முதற்பொருள், கதைப்பின்னல், நோக்குநிலை, இமையம், கண்மணி குணசேகரன், நெய்வேலி.

முன்னுரை

ஒரு நாவலைக் கொடுத்து அதன் இலக்கியக் கூறுகளை விளக்குமாறு கேட்டால் மாணவர்கள் எழுதும் விடைக்கு ஏறக்குறைய ஒரே வடிவம் இருக்கிறது. கதைச் சுருக்கம் இரண்டு பக்கம், தலைமை மாந்தர் ஒரு பக்கம், துணைமாந்தர் அரைப்பக்கம், உவமைகளும் பழமொழிகளும் அரைப்பக்கம். இறுதியில், நேரம் முடியும் தறுவாயில், ‘களம்: விருத்தாசலத்தை அடுத்த ஒரு சிற்றூர்’ என்று ஒரு வரி. விடைத்தாள் திருத்தும் எவருக்கும் இந்தக் கடைசி வரி பழகிப்போனது. அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவதும் பழகிப்போனது. சேத்தியாத்தோப்பிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வரும் மாணவர்களின் தாள்களிலும் அந்த வரி அப்படியேதான் இருந்தது. இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது இதுவே. தம் ஊரின் நிலம் நாளை என்னவாகும் என்று வீட்டில் நாள்தோறும் பேசக் கேட்பவர்கள், வகுப்பறைக்குள் நுழைந்ததும் நிலத்தைக் கடைசி வரியாக எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பட்டியல் அப்படி.

பட்டியலும் அதன் வரிசையும்

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் துன்பியல் நாடகத்தின் கூறுகளை ஆறாகப் பகுத்தார். கதைப்பின்னலை அதன் உயிர் என்று முதலில் வைத்தார். கண்ணுக்குத் தெரியும் காட்சியமைப்பைக் கவிஞனின் கலையோடு மிகக் குறைந்த தொடர்புடையது என்று ஒதுக்கினார். மேடை நாடகத்தைப் பற்றி அவர் சொன்னது பின்னர் உரைநடைப் புனைகதைக்கும் சத்தமின்றிக் கடத்தப்பட்டது. இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட நாவலின் கூறுகள் பற்றிய நூல் நம் பாடத்திட்டங்களில் நெடுங்காலம் செல்வாக்குச் செலுத்தியது. கதை, மாந்தர், கதைப்பின்னல், அதிகற்பனை, தீர்க்கதரிசனம், அமைப்பும் லயமும் என்று அவர் இயல் பிரிக்கிறார். அவற்றுள் இடத்துக்கென்று ஓர் இயல் இல்லை. தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம் என்ற அவருடைய பாகுபாடு நம் மாணவர்க்கு மனப்பாடம். இடத்தைப் பற்றிக் கேட்டால் அவர்களிடம் கலைச்சொல்லே இல்லை.

தமிழ் மரபு வேறு வரிசையை வைத்திருந்தது என்பது யாவரும் அறிந்தது. தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக்கியது. மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் மூன்றாவதாக நிற்கிறது. இதைக் காட்டி, மேற்கத்தியர் அறியாததை நாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தோம் என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். அவ்வாறு முடிப்பதால் எந்த நாவலும் தெளிவடைவதில்லை. சங்கப் பாடலில் நிலம் ஒரு மரபுக் குறியீடு. குறிஞ்சி என்றாலே புணர்தல் என்பது கவிஞரும் கேட்போரும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. நாவலில் அத்தகைய உடன்பாடு கிடையாது. ஒவ்வொரு நாவலும் தன் நிலத்தைத் தானே புதிதாக நிறுவிக்காட்ட வேண்டும். எனவே தொல்காப்பியத்திலிருந்து இங்கு எடுத்துக்கொள்ளத்தக்கது ஐந்திணைப் பாகுபாடன்று. நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் ஒரே பொருளாக எண்ணிய முறைதான். ருசியச் சிந்தனையாளர் பக்தின் நாவலில் காலமும் இடமும் பிணைந்து ஓர் அலகாக இயங்குவதைப் பற்றி விரிவாக எழுதியது இருபதாம் நூற்றாண்டில். அவர் வேறு வழியில் வந்து சேர்ந்த இடமும் இதற்கு அணித்தே உள்ளது.

தமிழ் நாவலின் தொடக்கத்தில் களம் உண்மையிலேயே ஒரு திரைச்சீலையாகத்தான் இருந்தது. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் சத்தியபுரியை வேறெந்த ஊராக மாற்றினாலும் கதைக்குக் குறை நேராது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தபோது நிலை மாறியது. கணவனை இழந்தவள் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள் என்பதே அங்குக் கதை. நிலத்தை நீக்கினால் கதையே இல்லை. அந்த நாவலுக்கு ‘வட்டார நாவல்’ என்று பெயர் சூட்டினோம். அப்பெயர் பாராட்டாகவும் வேலியாகவும் ஒருசேரப் பயன்பட்டு வருகிறது. சென்னையைக் களமாகக் கொண்ட நாவலை எவரும் வட்டார நாவல் என்று அழைப்பதில்லை.

வளையமாதேவி: ஒரு நிலம், இரு பொழுது

கூறுகள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைகின்றன என்பதைக் காண, எழுதப்பட்ட நாவலுக்கு முன்னால், எழுதப்படாத ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூலை இறுதியில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பயிர் நின்ற நெல்வயல்களில் மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கின. சுரங்க விரிவாக்கத்தை ஒட்டிப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டும் பணி அது. நெற்பயிர் மண்ணோடு புரட்டப்படும் காட்சி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் தரப்பு. அறுவடை வரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவர்களின் கேள்வி.

இதனைப் புனைகதையாக்க முனையும் ஒருவர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல், எங்கிருந்து தொடங்குவது என்பது. கையகப்படுத்திய ஆவணத்தின் தேதியிலிருந்து தொடங்கினால், விதைத்தவர்கள் பிறர் நிலத்தில் விதைத்தவர்கள் ஆகிறார்கள். நாற்று நட்ட நாளிலிருந்து தொடங்கினால், இயந்திரம் பிறர் வயலில் இறங்கியதாகிறது. நிறுவனம் தோன்றிய 1956இலிருந்து தொடங்கினால், ஒரு நாட்டின் மின்தேவை கதைத்தலைவன் ஆகிவிடுகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் தென்பட்டதாகச் சொல்லப்படும் இடத்திலிருந்து தொடங்கினால், யாரும் குற்றவாளியாக இல்லாத ஒரு விதியின் கதை கிடைக்கும். செய்திகள் நான்கிலும் ஒன்றே. தொடக்கத்தைத் தேர்ந்துகொண்டதும் நியாயம் இடம் மாறுகிறது. கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்நிகழ்வில் நுணுகிக் காணவேண்டியது வேறொன்று. அந்த வயலில் இரு காலங்கள் ஒருங்கே நின்றன. ஆவணத்துக்கு ஒரு காலம் உண்டு. அது கையெழுத்து, தேதி, தவணை, அறிவிப்பு என நகரும். ஆண்டுக்கணக்கில் உறங்கிக்கிடந்து ஒரே காலையில் விழித்துக்கொள்ளும். நெல்லுக்கும் ஒரு காலம் உண்டு. குறுகிய காலப் பயிராயினும் நூறு நாளுக்குக் குறையாமல் அது நிலத்தில் நிற்க வேண்டும். எந்த அலுவலகத்தின் வசதிக்காகவும் ஒரு வாரம் முந்தி முதிராது. உழவனின் கோபம் நிலம் போவதைப் பற்றியது மட்டுமன்று, பொழுது மதிக்கப்படாததைப் பற்றியதுமாகும். நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் என்ற கருத்து இங்கு உயிரோடு நிற்கிறது. கதைக்கு வேண்டிய முரண் மாந்தர்க்கிடையே தோன்றுவதற்கு முன்பே களத்துக்குள் இருந்திருக்கிறது. இதை ‘களம்: சேத்தியாத்தோப்பு அருகில்’ என்று ஒரு வரியில் எழுதுபவர் முரணையே எழுதாமல் விட்டுவிடுகிறார்.

கொல்லையும் ஊரும்: அஞ்சலை

சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்ட நடுநாட்டின் இப்பகுதி நிலத்தால் ஒருமைப்பட்டதன்று. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண். வெள்ளாற்று அணைக்கட்டையும் வீராணம் ஏரியையும் அடுத்த சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல்லும் கரும்பும் விளையும் நன்செய். இரண்டுக்கும் நடுவே மேல்மண் அகற்றப்பட்ட சுரங்கமும் அம்மண்ணைக் குவித்த மேடுகளும். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் மூன்றையும் பார்த்துவிடலாம். இந்நிலத்திலிருந்து எழுத வந்தவர்களுள் மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் முக்கியமானவர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழிலாளியாகப் பணியாற்றியவர்.

அவருடைய ‘அஞ்சலை’ 1999இல் வெளிவந்தது. பெண் பார்க்கும்போது ஒருவனைக் காட்டி, மணவறையில் அவன் உடன்பிறந்தவனை உட்காரவைக்கும் ஏமாற்று அந்நாவலின் முடிச்சு. தான் யாருக்கு வாழ்க்கைப்படுகிறோம் என்பது அஞ்சலைக்குத் தெரியவருவது காலம் கடந்த பின்னரே. அதன்பின் ஊர்விட்டு ஊர் மாறி அவள் படும் பாடுகளே நாவல். கார்குடல், மணக்கொல்லை, தொளார் என மூன்று ஊர்களில் கதை நிகழ்கிறது.

இம்முடிச்சு நம்பத்தக்கதாக இல்லை என்ற ஆட்சேபத்தை வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆள்மாறாட்டம் திரைப்படத்துக்குரிய உத்தி என்பார்கள். ஆட்சேபம் களத்தைக் கணக்கில் கொள்ளாமல் எழுவது. பெண் பார்க்கும் சடங்கில் தலைநிமிர்ந்து பார்ப்பதும் கேள்வி கேட்பதும் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட ஒழுங்கு அங்கு நிலவுகிறது. ஊர்களுக்கிடையிலான தொலைவும் ஒரு காரணி. மிக அணித்தாக இருந்திருந்தால் மாப்பிள்ளை யார் என்பது முன்பே தெரிந்திருக்கும். மிகச் சேய்மையில் இருந்திருந்தால் சம்பந்தமே ஏற்பட்டிருக்காது. தெரிந்ததுபோலத் தோன்றி உண்மையில் தெரியாமலிருக்கும் அந்த இடைத்தொலைவுதான் ஏமாற்றுக்கு இடம் தருகிறது. பின்னர் அவள் வாழ்க்கையைக் குலைக்கும் பேச்சு ஊர்விட்டு ஊர் பரவுவதும் அதே இடைத்தொலைவில்தான். நடவுக்கும் களையெடுப்புக்கும் முந்திரிக் கொல்லைக்கும் கூட்டமாகச் செல்லும் பெண்களின் வாய்வழியே செய்தி நடக்கிறது. அஞ்சலைக்கு எதிரி என்று தனியொருவனைச் சுட்ட இயலாது. வேலை நடக்கும் இடமே அவளைப் பற்றிய பேச்சு விளையும் இடமாகவும் இருக்கிறது. அவள் உழைத்தால்தான் உண்ண முடியும். உழைக்கப் போனால் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும். பாத்திரத்தின் அவலம் களத்தின் அமைப்பிலிருந்து பிறக்கிறது என்று சொல்வது இப்பொருளில்தான்.

ஃபார்ஸ்டரின் அளவுகோலைக் கொண்டு அஞ்சலையை அளப்பவர் தடுமாறுவார். முழுமைப் பாத்திரம் நம்பத்தக்க முறையில் நம்மை வியப்பில் ஆழ்த்தவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அஞ்சலை வியக்கவைப்பதில்லை. அவள் அடுத்து என்ன செய்வாள் என்பது வாசகருக்கு முன்பே தெரிகிறது. தெரிந்தும் தடுக்க முடியாததே வாசிப்பின் வேதனை. அவளைத் தட்டைப் பாத்திரம் என்று எந்த வாசகரும் ஒப்பமாட்டார். ஆகவே குறை அளவுகோலில் இருக்கிறது. இடம்பெயரும் வாய்ப்புள்ள நடுத்தர வகுப்பு மாந்தர்க்காக அமைக்கப்பட்ட அளவுகோல் அது. வேறு ஊருக்குப் போனாலும் அதே கொல்லை வேலைக்கே திரும்பவேண்டிய ஒருத்திக்கு வளர்ச்சி, மாற்றம் என்ற சொற்கள் வேறு பொருள் தருகின்றன.

நாவலில் குறையில்லை என்பது என் கருத்தன்று. துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகையில் சில இடங்களில் வாசகர் மரத்துப்போகிறார். சண்டைக் காட்சிகள் அளவுக்கு மேல் நீள்கின்றன. ஆனால் வேலை செய்யும் கைகளை எழுதும்போது குணசேகரனின் உரைநடை ஒரு சொல்லும் வீணாக்குவதில்லை.

நெற்களத்தில் ஒரு பங்கு

‘களம்’ என்ற சொல்லை நாம் திறனாய்வுக் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டபோது அதன் பழைய பொருளை மறந்துவிட்டோம். உழவர் வழக்கில் களம் என்பது கதிரடித்து, தூற்றி, அளந்து, பங்கிடும் இடம். யாருக்கு எவ்வளவு என்பது அங்குதான் முடிவாகும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இந்தப் பழைய பொருளைத் திறனாய்வுக்குத் திருப்பித் தருகிறது.

தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியம் அந்நாவலின் மையம். அவளுக்கு ஊரில் நிலம் கிடையாது. நிலமில்லாத ஒருத்தியின் நாவலில் களம் எப்படி அமையும் என்ற வினாவுக்கு இமையம் தரும் விடை கூர்மையானது. ஆரோக்கியத்துக்கு இடத்துக்குப் பதிலாக ஒரு சுற்று இருக்கிறது. அழுக்கெடுக்க வீடு வீடாக, வெளுக்கத் துறைக்கு, இரவில் சோறு வாங்க மறுபடியும் தெருவுக்கு, அறுவடைக் காலத்தில் தன் பங்கைப் பெற நெற்களத்துக்கு. அவள் நடக்க நடக்கவே ஊர் வாசகருக்கு உருப்பெறுகிறது. வருணனை என்று தனியே ஒரு பத்தியைக் காட்டுவது கடினம். அவள் நிற்கும் வாசல், அவளுக்கு இடப்படும் சோற்றின் அளவு, பேசுபவரின் விளி ஆகியவற்றிலிருந்து வாசகரே ஊரைக் கட்டிக்கொள்கிறார். ஒடுக்கப்பட்டவர்க்குள்ளும் ஒடுக்கப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி வாதமாக முன்வைக்கப்படவில்லை. நடந்த தொலைவாகவும் கிடைத்த தானியமாகவும் அது வந்து சேர்கிறது. காலம் மாற, வழக்கமாகக் கிடைத்த பங்கு குறைகிறது. அக்குறைவே கதைப்பின்னல். பெரிய திருப்பம் எதையும் தேடுபவர்க்கு இந்நாவலில் ஏமாற்றமே மிஞ்சும்.

கதவுக்கு வெளியே: நோக்குநிலை

களம் நோக்குநிலையையும் தீர்மானிக்கிறது என்பதற்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’ சான்று. தீக்காயமுற்ற ரேவதியைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு உறவினர் காத்திருக்கிறார்கள். தீக்காயப் பிரிவின் கதவு மூடியிருக்கிறது. உள்ளே நடப்பதை வெளியே இருப்பவர் அறிய முடியாது. பெரும்பகுதி வாசகரும் அவர்களோடு வெளியேதான் நிற்கிறார். எல்லாம் அறிந்த ஆசிரியர் கூற்றில் இக்கதையைச் சொல்லியிருந்தால் கதவு பொருளற்றுப்போயிருக்கும். நாவல் பெரிதும் உரையாடலால் நகர்வதும் இதனால்தான். காத்திருப்போர்க்குப் பேசுவதன்றி வேறு வேலை இல்லை. பேச்சு பழியாகிறது, பழி நினைவாகிறது. சொன்னதையே திரும்பச் சொல்லும் உரையாடல் அலுப்பூட்டுகிறது என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. முதற் பாதியைச் சுருக்கியிருக்கலாம். ஆயினும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஓர் இரவு இருந்தவர்கள் அந்த அலுப்பை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

‘பெத்தவன்’ குறுநாவலில் இறுக்கம் இன்னும் கூடுகிறது. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லும்படி ஊர் கூடித் தந்தைக்குக் கட்டளையிடுகிறது. கையிலிருப்பது ஓர் இரவு. வீடு, வாசல், அதற்கப்பால் கண்காணிக்கும் ஊர் என்று இடமும் ஓர் இரவளவே சுருங்கியிருக்கிறது. ‘எங் கதெ’ (2015) எதிர்த்திசையில் செல்கிறது. விநாயகம் என்பவன் தன் வாயால் சொல்லும் கதையில் கமலா அவன் பார்வை எட்டும் அளவுக்கே தெரிகிறாள். அவன் காணாத நேரத்தில் அவள் எப்படி இருந்தாள் என்பது நாவல் முழுவதும் கிடைக்காத ஒன்று. அந்த இல்லாமையே நாவலை நகர்த்துகிறது.

ஒரு சொல், இரு நிலம்

மொழிநடையைப் பற்றி வட்டார நாவல் ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும் சொற்பட்டியலாக முடிகிறது. வட்டாரச் சொற்களைத் தொகுத்து, எதிரே பொதுத்தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டால் மொழிநடை ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். கி. ராஜநாராயணனின் ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’ 1982இலும் கண்மணி குணசேகரனின் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ 2007இலும் வெளிவந்தன. இரண்டும் புனைகதை எழுத்தாளர்கள் தாமே முன்வந்து செய்த பணிகள். பல்கலைக்கழகத் துறைகள் செய்யவேண்டியிருந்த வேலை என்பதை நாம் கூச்சத்தோடு ஒப்புக்கொள்ளலாம்.

‘கொல்லை’ என்ற ஒரு சொல் போதும். தஞ்சை மண்ணின் கதைகளில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். கிணறும் வாழைமரமும் இருக்கும் இடம். கொல்லைக்குப் போவது என்பதற்கு அங்கு வேறு பொருளும் உண்டு. நடுநாட்டில் கொல்லை என்பது புன்செய் நிலம். பாடுபடப் போகும் இடம், சொத்து, சண்டைக்குக் காரணம், ஊர்ப்பெயரின் பகுதி. சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்து விளைநிலத்தைக் கொல்லை என்று வழங்கியதும் இப்பொருளோடு ஒத்துப்போகிறது. பெண்ணொருத்தி கொல்லைக்குப் புறப்பட்டாள் என்று இரு நாவலாசிரியர்கள் எழுதினால், தஞ்சை நாவலில் அவள் வீட்டின் எல்லைக்குள்ளேயே இருக்கிறாள். நடுநாட்டு நாவலில் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், மாலைவரை திரும்பமாட்டாள். சொல் ஒன்று, நிகழ்ச்சி வேறு. இதைப் பொதுத்தமிழில் ‘வயல்’ என்றோ ‘தோட்டம்’ என்றோ மாற்றினால் பொருள் தேறும், ஊர் தொலைந்துவிடும்.

குணசேகரன் அரசுப் பேருந்துப் பணிமனையின் தற்காலிகத் தொழிலாளரைக் கொண்டு எழுதிய ‘நெடுஞ்சாலை’யும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கருவிகளின் பெயர்களும் பேருந்தின் பாகங்களும் ஆங்கிலத்திலிருந்து வந்து அந்த வாய்களில் தமிழாகிவிட்ட சொற்கள். கொல்லையை எழுதியவரே பணிமனையையும் எழுதுகையில், வட்டார மொழி என்பது பழஞ்சொற்களின் காப்பகம் என்ற எண்ணம் உடைபடுகிறது.

நிலம் மயங்கும்போது

உரிப்பொருள்கள் ஒன்றோடொன்று மயங்கலாம். நிலங்கள் மயங்கா என்பது தொல்காப்பியம் விதிக்கும் வரையறை. முல்லையில் பிரிவு நிகழலாம். ஆனால் முல்லை நெய்தலாகிவிடாது. நிலம் அசையாதிருக்கும் என்ற உறுதியின்மேல்தான் அந்த இலக்கணம் எழுந்தது. நெய்வேலியில் அந்த உறுதி இல்லை. பழுப்பு நிலக்கரியை எடுக்க அதன்மேல் கிடக்கும் மண் முழுவதும் அகற்றப்படுகிறது. அடியிலிருந்து மேலெழும் நீர் இடைவிடாது இறைக்கப்படுகிறது. மேலே இருந்த மண் வேறிடத்தில் மலையாகிறது. ஆழத்தில் இருந்தது வெளிச்சத்துக்கு வருகிறது. தன் இயல்பு கெட்ட முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காட்டும் வழியை இங்கே பொருத்தலாம் என்று தோன்றும். நானும் முன்பொரு கட்டுரையில் அவ்வாறு பொருத்தியதுண்டு. இப்போது அது சரியெனப் படவில்லை. சிலம்பின் பாலை வெயிலால் வருவது. மழை பெய்தால் மீளும். இங்கு நிகழ்ந்தது மழைக்குக் கட்டுப்பட்டதன்று. சுரங்கத்தின் மின்சாரம் ஊதியமாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் இப்பகுதிக்குத் திரும்பி வந்ததையும் ‘பாலை’ என்ற சொல் மறைத்துவிடும். நல்ல நாவல் இரண்டையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்துக் காட்டும்: நிலம் கொடுத்த தந்தை, சுரங்கத்தில் ஒப்பந்த வேலைக்குக் காத்திருக்கும் மகன்.

சுரங்கத்துக்காக நிலம் இழந்தவர்களின் வாழ்வைக் கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’ நாவலில் எடுத்துக்கொண்டார். தலைப்பே ஆராயத்தக்கது. வந்தவர் யார் என்ற வினா அதில் ஒளிந்திருக்கிறது. நகரியத்துக்கு வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவர்களும் வந்தவர்களே. ஊரைக் காலி செய்துவிட்டு வேறோர் ஊரின் ஓரத்தில் குடியேறிய மண்ணின் மக்களும், அந்தப் புதிய ஊரார் கண்ணுக்கு வந்தவர்களே. தலைமுறை தலைமுறையாக இருந்தவன் ஒரே பெயர்ச்சியில் வந்தேறி ஆகிறான். பாத்திரத்தின் தன்மை மாறவில்லை, நோக்குநிலை மாறவில்லை, மொழி மாறவில்லை. நின்ற இடம் மாறியதும் அவனைக் குறிக்கும் பெயர் மாறிவிட்டது.

நகரியத்தில் முகவரிகள் வட்டம், எண் என்று அமைந்திருக்கின்றன. எந்தக் கொல்லையின்மேல் எந்த வட்டம் நிற்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் முதியவர்கள் மட்டுமே. ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்பவற்றுள் வேலுடையான்பட்டு முருகன் கோயிலும் ஒன்று. தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணத் தொடங்கும்போது முதலில் வைத்தது தெய்வத்தை; அடுத்து உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில். மற்றவை இடம்பெயர்ந்தோ அழிந்தோ போன நிலத்தில் முதலாவது நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் காவடி எடுத்து வருகிறார்கள். ‘உங்க ஊர் எது’ என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம். சிலர் இப்போது குடியிருக்கும் ஊரைச் சொல்வார்கள். சிலர் சற்றுத் தயங்கி, வேறொரு பெயரைச் சொல்வார்கள்.